கம்பி கட்டிய பல்லுக்கு மத்தியானச் சோறு

பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு கட்டிக் கொடுக்கும் தொழிலில், போசி என்கிற தூக்குப் பாத்திரம் நிறையத் திரும்பி வந்தாலும் திட்டு, காலியாகத் திரும்பி வந்து பிள்ளை இளைத்துப் போனாலும் திட்டு. சொந்தப் பிள்ளை ஒன்றுக்கோ இரண்டுக்கோ கட்டுகிற உங்களுக்கே இது தெரிந்திருக்கும். ஊரார் பிள்ளைகளுக்குக் கட்டிய என் கதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் நடந்த வருஷங்களில் நாங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் குடியிருந்தோம். சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். என் வீட்டுக்காரர் நூல் மில்லில் வேலை பார்த்தார். நாமக்கல், சேந்தமங்கலம் பக்கத்துப் பண்ணையக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைச் சேலத்து ஹைஸ்கூலில் சேர்த்து, சொந்தக்காரர் வீடுகளில் விட்டு வைப்பார்கள். அந்தச் சொந்தக்காரர்கள் காலையிலும் ராத்திரியிலும் சோறு போட்டுவிட்டு, மத்தியானத்துக்கு என்னிடம் சொல்லிவிடுவார்கள். நான் ஆக்கி, தூக்குப் போசிகளில் போட்டு, கூடையில் அடுக்கித் தலையில் சுமந்துகொண்டு போவேன். ஆண் பிள்ளைகள் பள்ளிக்கூடமும் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடமும் ஒரே தெருவில் இருந்தது நான் எந்த ஜென்மத்திலோ செய்த புண்ணியம். வேறு புண்ணியம் எதுவும் செய்த மாதிரி தெரியவில்லை.

ரங்கூன் டாக்டர்

ரங்கூனில் குண்டு விழுந்தபோது தப்பி வந்த பல் டாக்டர் ஒருவர் எங்கள் தெரு முனையில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். பல் பிடுங்குகிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். இவரோ, பிடுங்காமலே கோணல் பல்லை நேராக்குவேன் என்றார். பல்லுக்குப் பல் வளையம் மாட்டி, அதன்மேல் கம்பி ஓட்டி, மாதம் ஒரு தடவை அதை இறுக்குவார். முதலில் சிரித்த ஊர், மண்டிக்காரர் ஒருவர் தம் பெண்ணுக்குக் கட்டியதும், தன் வீட்டுப் பிள்ளைகளின் வாயையெல்லாம் திறந்து பார்க்க ஆரம்பித்தது. என்னிடம் சோறு வாங்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் வாயில் சீக்கிரமே கம்பி ஏறிவிட்டது.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முறுக்கு ஆகாது, நிலக்கடலை ஆகாது, கரும்பு ஆகாது, பொரி ஆகாது, சுண்டல் ஆகாது என்று அடுக்கிக்கொண்டே போனார். பெற்றவர்களும் கூடவே வந்திருந்தார்கள். கம்பிக்குக் கொடுத்ததை எல்லாம் சோற்றில் பிடித்துவிட வேண்டும் என்று அவர்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணம். பழைய விலைக்கே கட்ட வேண்டும், பல்லில் படாத மாதிரியும் கட்ட வேண்டும். நான் என்னதான் ஆக்குவது என்று டாக்டரையே கேட்டேன். அவர் ரொம்பச் சுலபமாகச் சொன்னார்: "பிள்ளைகளுக்குப் பல்லே முளைக்கலைன்னு நினைச்சுக்கிட்டு ஆக்குங்கம்மா. அது போதும்."

ரேஷன் அரிசி

டாக்டர் நினைத்துக்கொள்ளச் சொன்னதை ரேஷன் கடை நினைத்துக்கொள்ளவில்லை. பர்மா அரிசி வருவது நின்றுபோன காலம் அது. வரிசையில் நின்று வாங்கி வரும் அரிசியில் கல்லைப் பொறுக்கினால் மிச்சம் இருப்பது கொஞ்சந்தான். முறத்தில் புடைத்து, தண்ணீரில் அரித்து, கண் பூத்துப்போகிற வரை பார்த்துத்தான் உலையில் போடுவேன். குழைய விட்டு, மத்தால் மசித்து, ரசம் ஊற்றிப் பிசைந்து கட்டுவேன். அவ்வளவுக்கும் தப்பி ஒரு கல் உள்ளே போய்ச் சேரும். அது எந்தப் பிள்ளையின் கம்பியைத் தேடிப் போகும் என்று நினைக்கிறீர்கள்? நாச்சிமுத்துவின் கம்பியைத்தான்.

நாச்சிமுத்துவின் அப்பா பஸ் முதலாளி. பெட்ரோல் கிடைக்காததால் அவருடைய பஸ் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடியது. மேட்டைக் கண்டால் நின்றுவிடும், ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். மகனின் கம்பி அடுத்தடுத்து அறுந்ததும் அவர் நேரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவரோ வருத்தமாகச் சொன்னார்: "ஏனுங்க அம்மிணி, நம்ம பஸ்ஸு கரியில ஓடுதுங்க. அதுகூட எம்பையன் பல்லாட்டம் இத்தனை தடவ ரிப்பேருக்குப் போனதில்லீங்க."

ஜவ்வரிசி

அரிசியை விட்டுவிட்டு ஜவ்வரிசிக்குப் போனேன். சேலத்துக்காரர்கள் மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி பண்ணத் தொடங்கியிருந்த சமயம். விலை மலிவு, கல் கிடையாது, கரண்டியில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவில்லையே என்று என்னையே நொந்துகொண்டு, வெல்லம் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சி எல்லாப் போசியிலும் ஊற்றினேன்.

அடுப்பில் வழுக்கியது போசியில் வழுக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஆறிப்போய், சினிமா நோட்டீஸ் ஒட்டுகிற பசை மாதிரி ஆகிவிட்டது. பசியில் பிள்ளைகள் அதையும் தின்றிருக்கிறார்கள். அது கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டு கிளம்ப மாட்டேன் என்றுவிட்டது. சாயந்திரம் போசிகளை எடுக்கப் போனபோது வாத்தியார் ஒருவர் வாசலிலேயே எனக்காக நின்றிருந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்குத்தாங்க நாச்சிமுத்து கிளாஸ்ல வாயத் தொறக்காம இருந்தான். நாளைக்கும் அதையே கட்டிருங்க."

வெல்லத் தராசு

இந்தப் பிள்ளைகளுக்கு நடுவே மயிலாத்தா என்று ஒரு பெண் இருந்தாள். நான் சொல்ல வந்ததே இவளைப் பற்றித்தான், மற்றதெல்லாம் சும்மா. பதினாலு வயசு. சேந்தமங்கலம் பக்கம், கரும்பு வைத்து வெல்லம் காய்ச்சுகிற குடும்பம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் கிளாஸோடு நிறுத்திவிட்டார்கள். மேல்வரிசைப் பல் எட்டிப் பார்க்கிறது, மாப்பிள்ளை வீட்டார் தட்டிப் பேசுவார்கள் என்று கம்பி கட்டக் கூட்டி வந்து அத்தை வீட்டில் விட்டார்கள். மாதா மாதம் கம்பியை இறுக்க வேண்டியிருந்ததால் ஊருக்குத் திரும்ப முடியாது. பெண் வீட்டில் சும்மா இருந்து என்ன செய்வது என்று அத்தை அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். அப்படித் தற்செயலாகக் கிடைத்த பள்ளிக்கூடத்தை மயிலாத்தா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கிளாஸில் எல்லோரையும் விடப் பெரியவள், ஆனாலும் முதல் பெஞ்சில்தான் உட்காருவாள் என்று டீச்சரம்மா சொன்னார்.

அவளுடைய அப்பா வெல்ல மூட்டைகளோடு வண்டி கட்டிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வருவார். வெல்லம் போட்டு முடித்ததும் மகளைக் கூப்பிட்டு அதே சங்கிலித் தராசில் உட்கார வைப்பார். வெல்லத்துக்குப் போட்ட படிக்கல்லையே இவளுக்கும் போடுவார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு சங்கிலியைப் பிடித்திருப்பாள். இறங்கி வரும்போது பாவாடையில் வெல்லம் ஒட்டியிருக்கும். இளைத்தால் ஊருக்குக் கூட்டிப் போய்விடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தார், ஜவ்வரிசி கட்டிய சமயத்தில் வந்தபோது இளைத்திருந்தாள். என்னையும் மண்டிக்கு வரவழைத்துக் கேட்டார்: "ரெண்டு வீசை கொறஞ்சிருக்குதுங்க அம்மிணி. வெல்லம்னா ஈரம் காஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கலாம். புள்ளைக்கு என்னங்க சொல்றது?"

மேலே சோறு

அன்றைக்கு ராகி மாவை எடுத்தேன். களியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதை யாரும் மெல்லுவதில்லை. உருட்டிக் கீரைக் கடைசலில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டியதுதான். கல் கிடையாது, பல்லுக்கு வேலை கிடையாது, மலிவு, உடம்பிலும் பிடிக்கும். காடு மேட்டில் வேலை செய்கிறவர்கள் தினம் தின்கிற ஒன்று இவ்வளவு நாள் என் புத்தியில் ஏறவில்லை. டவுனுக்கு வந்தால் களியை மறந்துவிட வேண்டும் என்று நானும் எல்லோரையும் போல நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

மயிலாத்தா போசியை வழித்துத் தின்றாள். இரண்டாம் நாளே அத்தை வந்துவிட்டாள். பண்ணையத்தில் கூலி ஆட்களுக்குப் போடுகிற களியை எங்கள் வீட்டுப் பெண் நாலு பேர் முன்னால் தின்பதா என்று நின்றாள். பெண் இளைத்தால் அண்ணன் கூட்டிப் போய்விடுவார் என்று நான் சொன்னதும் அத்தைக்கும் பயம். அண்ணன் வீட்டிலிருந்து வரும் வெல்லமும் நெய்யும் நின்றுவிடுமே. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அன்று முதல் களியின்மேல் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளைச் சோற்றைப் பரப்பிக் கட்டினேன். அதற்கும் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கினேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தை சொன்னது இதுதான்: "திங்கறது களியா இருந்துட்டுப் போவுதுங்க. தெரியறது சோறா இருக்கோணும்."

களியில் அறுந்த கம்பி

மயிலாத்தாவின் உடம்பு தேறியது. அவளுடைய அப்பா தராசைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆனால் கம்பி மட்டும் நிற்கவில்லை. பல் கொஞ்சம் நேராகி வருகிறது என்று டாக்டர் சொல்வார், அந்த வாரமே கம்பி அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. தனியாகப் பார்த்துப் பார்த்துக் கட்டுகிற பெண்ணுக்கே இப்படி என்றால் மற்றவர்களுக்கு என்ன கட்டுகிறாளோ என்று பேச்சு கிளம்பியது. நாச்சிமுத்துவின் அம்மா சோற்றை நிறுத்தினாள். அவளைப் பார்த்து இன்னும் சில வீடுகளும் நிறுத்தின. என் கூடை இலேசாகிக்கொண்டே வந்தது. தலைக்குச் சுகம், வயிற்றுக்கு இல்லை.

டாக்டர் ஒரு நாள் போசியைக் கொண்டுவரச் சொல்லி, சோற்றை ஒதுக்கி, களியை விரலால் பிட்டுப் பிட்டுப் பார்த்தார். ஒரு மணல்கூட இல்லை. எனக்குப் பெருமையாக இருக்க வேண்டும், அவமானமாகத்தான் இருந்தது. நான் ஆக்கியதை ஒருவர் குற்றவாளியைச் சோதனை போடுகிற மாதிரி கிளறிப் பார்க்கிறாரே என்று கண் கலங்கிவிட்டது. அவர் கையைக் கழுவிக்கொண்டு மேஜையில் இருந்த கம்பிச் சுருளைக் காட்டினார். அது வெகுவாகத் தேய்ந்திருந்தது. "யுத்தம் முடியற வரைக்கும் புதுக் கம்பி வராதும்மா. களியில எப்படி அறுந்துச்சுன்னு எனக்கும் புரியலை, உங்களுக்கும் புரியலை. களிக்குத்தான் தெரியும்."

வறுத்த பட்டாணி

களிக்குத் தெரிந்ததை நான் வேப்ப மரத்துக்குப் பின்னால் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் போசிகளை எடுக்கக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். மரத்துக்குப் பின்னால் மயிலாத்தா தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் வறுத்த பட்டாணி. பள்ளிக்கூட வாசலில் கூடைக்காரி விற்பாளே, கல்லையும் அதையும் ஒன்றாகப் போட்டால் பிரிக்க முடியாது, அந்தப் பட்டாணி. ஒவ்வொன்றாக எடுத்து, கம்பி ஓடுகிற இடத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். வலியில் கண்ணோரம் தண்ணீர் வந்தது. துடைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. மடியைத் தட்டிவிட்டேன், பட்டாணி நாலா பக்கமும் உருண்டது. என் பிழைப்பில் மண்ணைப் போட்டாயே, உனக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று கேட்டேன். போன வேகத்தில் கூடைக்காரியையும் இனி இந்த வாசலில் உட்காராதே என்று சண்டை போட்டு விரட்டினேன். திரும்பி வந்தபோது மயிலாத்தா அதே இடத்தில் நின்றிருந்தாள். அழவில்லை. "கம்பி இருக்கற வரைக்குந்தானுங்க்கா எனக்குப் பள்ளிக்கூடம். பல்லு நேராயிருச்சுன்னா அடுத்த வண்டியிலயே கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க. பரீட்சை எழுதற வரைக்குமாச்சும் இருக்கோணுமுங்க்கா."

முறுக்கு

அதற்கப்புறம் எனக்கு நிம்மதியே இல்லை. இளைத்தாலும் ஊருக்குப் போக வேண்டும், பல் நேரானாலும் ஊருக்குப் போக வேண்டும். நான் களி கட்டி முதல் வழியை அடைத்தேன், அவள் பட்டாணி கடித்து இரண்டாவது வழியை அடைத்தாள். கூடைக்காரியை விரட்டி அதை நானே திறந்துவிட்டேன். கம்பி அறுவது நின்றது. எல்லோரும் என்னை மெச்சினார்கள். மாசி மாதம் டாக்டர், அடுத்த தடவை இறுக்க வேண்டாம், கழற்றிவிடலாம் என்று சந்தோஷமாகச் சொன்னார். பரீட்சை பங்குனிக் கடைசியில். மறுநாள் மயிலாத்தாவின் போசி மேல்சோறு கலையாமல் அப்படியே திரும்பி வந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

எண்ணெய் கிடைக்காத காலத்தில், வீட்டில் மிச்சம் இருந்த எண்ணெயை எல்லாம் வாணலியில் ஊற்றி ஒரே ஒரு முறுக்குச் சுட்டேன். சிவக்க விட்டு, அதற்கும் மேலே கொஞ்ச நேரம் விட்டு எடுத்தேன். வாழைச் சருகில் சுற்றிக் குழம்புக் கிண்ணத்தில் வைத்து மூடினேன். பள்ளிக்கூட வாசலில் அவளிடம், இன்றைக்குக் குழம்பு இல்லை என்று மட்டும் சொன்னேன். அன்று சாயந்திரமே கம்பி அறுந்து டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். சுருளில் மிச்சம் இருந்ததை எடுத்து மறுபடி கட்டினார். முன்பு சொன்னதற்கு மேல் இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார். அத்தை தெருவெல்லாம் என்னைத் தூற்றினாள், மீதி இருந்த வீடுகளும் நின்றுவிட்டன. என் கூடையில் மயிலாத்தாவின் போசி ஒன்றுதான் மிஞ்சியது, பெண் இளைத்துவிடுவாளே என்ற பயத்தில் அத்தை அதை மட்டும் நிறுத்தவில்லை. முறுக்குக் கட்டிய அன்று போசியைத் திருப்பிக் கொடுக்கும்போதே அவள் காதோடு சொல்லியிருந்தாள்: "ரொம்ப நாளைக்கப்பறம் இன்னைக்குத்தானுங்க்கா ஒண்ண மென்னு தின்னேன்."

மண்டி வாசல்

பரீட்சைக்குச் சில நாள் இருக்கும்போது அவளுடைய அப்பா வந்தார். வெல்ல வண்டி இல்லை, கூண்டு வண்டி கட்டி வந்திருந்தார். ஆளைக் கூட்டிப் போகிற வண்டி அது. பழக்கத்தை விடாமல் மகளைத் தராசில் ஏற்றினார். தட்டு நன்றாகத் தாழ்ந்தது. களி தன் வேலையைச் செய்திருந்தது. அவர் முகம் மலர்ந்து, மண்டியில் கிடந்த வெல்ல உருண்டை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். நான் அதை வாங்கிக்கொண்டே, கம்பி மறுபடி அறுந்துவிட்டது, இன்னும் ஒரு மாதம் இருந்தால் பல் பூராவும் நேராகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார், பரீட்சையும் அதற்குள் முடிந்துவிடும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். மயிலாத்தா தட்டைவிட்டு இறங்காமல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள்.

அவர் சிரித்தார். என்னை ஏளனம் செய்த சிரிப்பு அல்ல, வீட்டில் நல்ல காரியம் கூடிவிட்ட மனிதனின் சிரிப்பு. அதனால்தான் என்னால் அவரைத் திட்டவும் முடியவில்லை. மத்தியானமே டாக்டர் கம்பியைக் கழற்றி, நீட்டி, காலியான சுருளில் திரும்பச் சுற்றிக்கொண்டார். வண்டி ஏறும்போது மயிலாத்தா வாயை மூடிக்கொண்டிருந்தாள், பல் நேரானதா இல்லையா என்பதைக்கூட நான் பார்க்கவில்லை. மண்டி வாசலில் அவளுடைய அப்பா சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது: "இனிக் கம்பியெல்லாம் எதுக்குங்க அம்மிணி? மாப்ள ஊட்டுக்காரங்க வந்துட்டுப் போயிட்டாங்க. பல்லப் பத்தி ஒரு வார்த்த கேக்கலீங்க. நேராப் போயி எங்க கெணத்தத்தான் எட்டிப் பாத்தாங்க."

அன்றிலிருந்து பல்லுக்கு இதமாகச் சோறு கட்டித் தர முடியுமா என்று யார் வந்து கேட்டாலும், உங்கள் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கேட்டுவிடலாமா என்றுதான் எனக்கு வாய் வரைக்கும் வருகிறது.